மாவோரித் தத்தாவைப் படிப்பது எப்படி: கைப்பிடியில் தொடங்கி முகத்தில் முடிக்கும் முறை

நியூசிலாந்தில் பெரிய அருங்காட்சியகம் எதற்குப் போனாலும், போர்ப்படகுக்குப் பக்கத்திலோ ஒரு கண்ணாடிப் பெட்டியின் மூலையிலோ முறம் போன்ற ஒரு மரச்சாமானைப் பார்க்கலாம். பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் திறந்து, நடுவில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். படகுக்குள் சேரும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டும் கருவி இது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் 'தத்தா' (tatā). 'தீஹெரு' (tīheru) என்றும் சொல்வார்கள்.

விடுமுறை நாட்களில் இந்த மரவேலைப் பொருட்களைப் பென்சிலால் வரைவது என் பழக்கம். ஊரிலிருந்து வரும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போவேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பெட்டிக்கு முன்னால் நின்றதும் செதுக்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. முதலிலேயே கேட்டால், நினைவுப்பொருள் கடையின் அட்டையில் அச்சடித்த பதில்தான் கிடைக்கும்.

கீழே உள்ள வரிசை நான் பல தடவை தப்புப் பண்ணி, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டது. தண்ணீர், கை, மரம், உளி, அப்புறம்தான் முகம்.

1. கிளம்புவதற்கு முன்

கோடில்லாத ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் போதும். பேனா வேண்டாம். பொருட்களுக்கு அருகில் மை கொண்டுபோக அனுமதிக்காத இடங்கள் உண்டு. படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். முன்னோரோடு தொடர்புள்ள பொருட்களுக்குத் தனி விதி இருக்கலாம். அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷ் கூடாது.

வெலிங்டனில் உள்ள தேசிய அருங்காட்சியகம் தே பாப்பா, ஆக்லாந்து அருங்காட்சியகம் இரண்டும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. தேடும்போது ஒரே பெயரை நம்பாதீர்கள். ஒரு பதிவில் தத்தா என்றும், இன்னொன்றில் தீஹெரு என்றும், மற்றொன்றில் வெறும் ஆங்கிலப் பெயரிலும் இருக்கும். உயிரெழுத்தின் மேல் போடும் நெடில் கோடு பழைய பதிவுகளில் விட்டுப்போயிருக்கும். எல்லா விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

நேரமும் வேண்டும். ஒரு தத்தாவுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பத்தைப் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் எது எது என்றே நினைவிருக்காது.

2. பால் புட்டியை வெட்டி ஒரு தத்தா செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். தாண்டாதீர்கள், அரை மணி நேர வேலைதான்.

கைப்பிடி உள்ள 2 லிட்டர் பிளாஸ்டிக் பால் புட்டி ஒன்றை எடுங்கள். மூடியை இறுக்கி மூடி, கைப்பிடி மேலே வரும்படி படுக்க வையுங்கள். அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டி எறியுங்கள். மேல் விளிம்பு குட்டையாகவும் கீழ் விளிம்பு நீளமாகவும் இருக்கட்டும். இப்போது உங்கள் கையில் இருப்பது வாய் திறந்த முறம். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல், குழிக்கு நேர் மேலேயே இருக்கிறது.

ஒரு அகலமான டப்பில் நாலு விரற்கடை தண்ணீர் விட்டு, குந்தி உட்கார்ந்து அதை இறையுங்கள். முன்னால் தள்ளி, மொண்டு, பக்கவாட்டில் வீசுங்கள். ஐம்பது தடவை. பிறகு நீளமான காம்புள்ள சமையல் சட்டி ஒன்றை எடுத்து அதே வேலையைச் செய்யுங்கள். இருபதாவது தடவையிலேயே மணிக்கட்டு புலம்பும்.

காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சட்டியில் அந்த ஒரு கிலோ உங்கள் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அது மணிக்கட்டை முறுக்கிக் கீழே இழுக்கும். புட்டியில் எடை கைக்கு நேர் கீழே தொங்குவதால் முறுக்கு இல்லை. தத்தாவின் கைப்பிடி பின்சுவரிலிருந்து கிளம்பி, வெளியே போகாமல் குழியின் மேலாக வாயை நோக்கி உள்பக்கமாக நீள்வதற்கு இதுவே முதல் காரணம். பசிபிக்கின் பல தீவுகளிலும் இறைக்கும் கருவிக்கு இந்த அமைப்புத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. படகு குறுகலானது. குறுக்கே இருக்கைப் பலகைகள், பக்கத்தில் துடுப்புப் போடுகிறவரின் முழங்கால். வெளியே நீட்டிய காம்பு ஒவ்வொரு வீச்சிலும் எதையாவது இடிக்கும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது பேச்சே மாறிவிடுகிறது. "இதை எப்படிப் பிடிப்பாங்க?" என்று கேட்பதில்லை, விரல்கள் தானாக மடங்குகின்றன.

3. முதலில் படகைப் பாருங்கள்

தத்தா இருக்கும் அதே கட்டடத்தில் படகும் இருந்தால் முதலில் அங்கே போங்கள். ஆக்லாந்தில் இருப்பது தே தோக்கி-ஆ-தாப்பிரி. சுமார் 1836இல் கட்டிய போர்ப்படகு. 25 மீட்டர் நீளம், நூறு பேர் வரை ஏறலாம். படகுக்கு மாவோரியில் வாக்கா என்று பெயர், போர்ப்படகு வாக்கா தௌவா.

நீங்கள் அங்கே தேட வேண்டியது தண்ணீர் உள்ளே வரும் வழி. அடிப்பாகம் குடைந்த மரம். பெரும்பாலும் தோத்தரா, வடக்கே கௌரி. அதன் விளிம்பின் மேல் ஒரு நீளப் பலகையை வைத்துப் படகின் சுவரை உயர்த்தியிருப்பார்கள். ஆணி கிடையாது. இரண்டிலும் துளை போட்டு, ஹராக்கேக்கே என்ற செடியின் நார்க்கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். இடுக்கில் ரௌப்போ கோரையின் பஞ்சை அடைப்பார்கள். குனிந்து பார்த்தால் துளைகளை வரிசையாக எண்ணலாம்.

ஒவ்வொரு துளையும் ஒரு கசிவுதான். அதோடு முன்பக்கம் அடிக்கும் அலையும் துடுப்புகளிலிருந்து தெறிப்பதும் சேரும். எவ்வளவு நல்ல படகானாலும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அடிமரத்தின் மேல் தளம் பரப்பி, நடுவில் சில இடங்களை இறைப்பதற்கென்று திறந்து விட்டிருப்பார்கள். மற்றவர்கள் துடுப்புப் போடும்போது, அந்தக் குழியருகே இருப்பவர் கையில் தத்தா. அவர் நிறுத்தினால் படகு கனக்கும், கனத்தால் வேகம் போகும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், 'வெறும் வாளி மாதிரி ஒரு சாமானுக்கு எதற்கு இவ்வளவு வேலைப்பாடு?' என்ற கேள்வி பாதி கரைந்துவிடும்.

4. எந்தப் பக்கம் மேல் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் சுவரில் மாட்டியிருந்த தத்தா ஒன்றை முக்கால் மணி நேரம் வரைந்தேன். கைப்பிடியின் அடியில் வட்டக் கண்ணும் கூர்மூக்கும் உள்ள ஆந்தை. அருமையான ஆந்தை! பக்கத்தில் எழுதியும் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டை மேசையில் போட்டபோது அது தலைகீழாகக் கிடந்தது. ஆந்தையைக் காணோம், வாயைத் திறந்துகொண்டு ஒரு மனித முகம் என்னைப் பார்த்தது. நான் மூக்கு என்று வரைந்தது முகத்தின் நெற்றிக்கோடு.

காட்சிக்கு வைக்கும்போது பொருளை எந்தப் பக்கமாகவும் சாய்க்கலாம், சுவரில் தொங்கவிடலாம். அதில் பிழை இல்லை. நாம்தான் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: நோட்டில் முதலில் ஒரு அம்புக்குறி போடுங்கள். வாய் எந்தப் பக்கம், அடி எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இறைக்கிறவர் எந்தத் திசையில் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு புள்ளி வையுங்கள். பிறகு இரண்டு கேள்விகள்: இந்த முகம் இறைக்கிறவரைப் பார்க்கிறதா, அவருக்கு எதிரே இருப்பவரைப் பார்க்கிறதா? அவர் பிடித்திருக்கும்போது முகம் நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் பதில் தெரியாமல் முகத்தை வரையத் தொடங்காதீர்கள்.

5. மூன்று பக்கமும் வரையுங்கள்

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. அழகாக வர வேண்டியதில்லை. புகைப்படம் எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே நம்பினால் கண் எதையும் அளக்காது. வரையும்போதுதான் 'விளிம்பு இங்கே ஏன் மெலிகிறது?' என்று கை நின்று யோசிக்கும்.

பக்கவாட்டுப் படம் மிக முக்கியம். அடியின் வளைவு அதில்தான் தெரியும். தட்டையான அடியா, படகின் உள்வளைவோடு பொருந்தும் அடியா என்று குறியுங்கள். முன்விளிம்பு மெல்லியதாக இருந்தால்தான் கடைசிச் சொட்டுத் தண்ணீரின் அடியிலும் நுழையும். கைப்பிடிக்கும் குழிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? நான்கு விரல் நுழையுமா? நுழையாது என்று தோன்றினால் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். கடைசிப் படியில் அது உதவும்.

குழி, சுவர், கைப்பிடி எல்லாம் ஒரே மரத்துண்டா என்றும் பாருங்கள். கைப்பிடியைத் தனியாகச் செய்து ஒட்டுவது கிடையாது. ஒரு முழுக்கட்டையை எடுத்து, கைப்பிடிக்கு அடியில் உள்ள மரத்தை மட்டும் குடைந்து எடுத்திருப்பார்கள். பால் புட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தால் அந்த இடுக்கில் உளியை வைத்து வேலை செய்வது எவ்வளவு சங்கடம் என்று புரியும்.

6. தேய்மானமும் உளித்தடமும்

முகத்துக்கு இன்னும் போகவில்லை, பொறுங்கள்.

உழைத்த சாமான் என்றால் உடம்பில் தெரியும். முன்விளிம்பின் ஒரு மூலை மற்றதைவிடத் தேய்ந்திருக்கிறதா? ஒரே கையால், ஒரே பக்கமாகவே இறைத்திருக்கலாம். கைப்பிடியின் அடிப்பக்கம், விரல் படும் இடம், வழவழப்பாக மின்னுகிறதா? விரிசலுக்குப் பக்கத்தில் துளை போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார்களா? அப்படி இருந்தால் தூக்கிப் போட மனம் வராத சாமான் அது.

உளித்தடம் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். ஐரோப்பியக் கப்பல்கள் இரும்பு கொண்டுவரும் வரை எல்லாம் கல்தான். பௌனாமு என்ற பச்சைக்கல்லும் மற்றக் கடினக் கற்களும் வாய்ச்சியாகவும் உளியாகவும் வேலை செய்தன. வாய்ச்சிக்கு தோக்கி, உளிக்கு ஃபாவோ என்று பெயர். கல்லுளி போன பள்ளம் பொதுவாக ஆழம் குறைந்து, விளிம்பு மழுங்கி இருக்கும். இரும்பு வந்தபின் பள்ளம் ஆழமாகிறது, மூலைகள் கத்தி வெட்டியதுபோல் கூராகின்றன. 1769இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் வந்தபின் ஆணி விரும்பி வாங்கும் பொருளானதற்கு இதுவும் ஒரு காரணம். ஆணியைத் தட்டினால் உளி.

ஆனால் இதை வைத்து அவசரமாக வயது சொல்லிவிடாதீர்கள். நூறு வருடம் வெயிலில் கிடந்த இரும்புத் தடமும் மழுங்கும், சதுப்பில் புதைந்த கல்தடமும் நேற்றுச் செய்ததுபோல் இருக்கும். மாவோரி மரவேலைகள் பல சதுப்பு நிலத்தில் கிடைத்தவை, காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. 'மழுங்கிய பள்ளம்' என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். 'கல்லுளி' என்பது முடிவு. அதை இன்னொரு ஆதாரம் கிடைக்கும்வரை தள்ளி வையுங்கள்.

காலம் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கிரைஸ்ட்சர்ச்சில், சம்னர் அருகே மண் சரிந்து வாய் மூடிக்கிடந்த ஒரு குகை 1889இல் வெளிப்பட்டது. மாங்க்ஸ் குகை என்பார்கள். உள்ளே கிடைத்தவற்றில் ஓர் இறைக்கும் கருவியும் உண்டு, மரத்தில் செதுக்கிய சின்ன நாய் ஒன்றும் உண்டு. சுருளும் வளைவும் நிறைந்த பிற்காலச் செதுக்கலின் அளவுகோலை அந்தப் பழங்காலத்துப் பொருள்மேல் வைத்தால் எதுவும் பொருந்தாது. 'மாவோரிக் கலை' என்று ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது.

7. செதுக்கல் எங்கே இல்லை என்று குறியுங்கள்

இப்போது செதுக்கலுக்கு வரலாம். முதலில் எழுத வேண்டியது வேலைப்பாடு இல்லாத இடங்களை.

பெரும்பாலான தத்தாக்களில் குழியின் உள்பக்கம் வெறுமையாக இருக்கும். மொள்ளும் பரப்பு வழவழப்பாக இருந்தால் தண்ணீர் ஒரே வீச்சில் போய்விடும். பள்ளம் மேடு இருந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கும். அடிப்பக்கமும் படகில் உரசுகிற இடம், அங்கே செதுக்கினால் தேய்ந்துவிடும். அதனால் வேலைப்பாடு கைப்பிடியிலும், கைப்பிடியின் நுனியிலும், அது பின்சுவரோடு சேரும் இடத்திலும் வந்து குவிகிறது. உழைக்கும் பாகத்தை விட்டுவிட்டு மிச்சமிருக்கும் இடத்தில் செதுக்குபவர் தன் கையைக் காட்டுகிறார். விளிம்பு ஓரமாக ஒரு பட்டை வரி ஓடுவதும் உண்டு.

படத்தில் செதுக்கல் உள்ள இடத்தை மட்டும் லேசாக நிழலடியுங்கள். உருவம் எதையும் வரைய வேண்டாம். இந்த நிழல் வரைபடத்தைப் பார்த்தாலே செதுக்கியவர் தண்ணீரை அறிந்தவரா என்று ஓரளவு சொல்லலாம்.

8. வரிகளுக்குப் பெயர் போடுங்கள், பொருள் போடாதீர்கள்

அடிப்படை வரிகள் நாலைந்துதான். கிட்டத்தில் பார்த்துப் பழகினால் ஒரு நாளில் பிடிபடும்.

ஹைஹை என்பது இணைகோடுகளாக ஓடும் பள்ளம். பாக்காத்தி என்பது பல் பல்லாக வெட்டிய வரிசை, நாய்ப்பல் என்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து கோடு, பல், கோடு என்று ஓடினால் ரௌபோங்கா, போங்கா என்ற மரப்பெரணியின் இலையிலிருந்து வந்த பெயர். மீன் செதில் போல அடுக்கடுக்காக வந்தால் ஊனாஊனாஹி. வடக்குப் பகுதிச் செதுக்கலில் அதிகம் பார்க்கலாம். நெளிநெளியாக வெட்டிய முகடுகள் தாராதாரா-ஆ-காய். அது பாத்தக்கா என்ற உணவுக் களஞ்சியங்களின் முகப்பில் பிரபலம், பெயரில் உள்ள காய் என்ற சொல்லுக்கே உணவு என்று பொருள். தத்தாவில் பார்த்ததாகத் தோன்றினால் மறுபடி ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

சுருள்களில் ஒற்றைக் கொழுந்து கோரு, பெரணியின் விரியாத தளிர். கோருதல் என்றால் நமக்கு மொள்ளுதல் என்பதால், இறைக்கும் கருவியில் கோரு இருப்பதைப் பார்த்துத் துள்ளிக் குதித்த நண்பர் ஒருவர் உண்டு. தற்செயலான ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். அதில் ஒரு கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு பட்டைக்கும் பெயரை மட்டும் எழுதி நிறுத்துங்கள். 'கோரு, அதாவது புதிய தொடக்கம்' என்று எழுதும் கையைப் பிடித்து இழுங்கள். அந்த வாசகம் கடையில் விற்கும் கழுத்துச் சங்கிலிகளுக்கு எழுதியது. ஒரே வரி ஒரு வட்டாரத்தில் ஒரு கதையோடு வரும், அடுத்த வட்டாரத்தில் வேறு கதையோடு வரும். சில நேரம் செதுக்குபவர் ஒரு வளைந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது, வளைந்த வரி ஒன்றைப் போட்டார், அவ்வளவே.

9. முகம், கண், நாக்கு

சரி, முகம்.

நேரெதிரே பார்க்கும் உருவமா, பக்கவாட்டு உருவமா என்று முதலில் பிரியுங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில், கண்கள் சாய்ந்து புருவம் நெளிந்திருந்தால் பெரும்பாலும் ஃபேக்கு என்ற வகை. பக்கவாட்டில் அலகு போன்ற வாயோடு வளைந்து கிடந்தால் மனாயா. கைப்பிடியின் ஓரத்தில் சின்ன மனாயா ஒளிந்திருந்து, இரண்டாவது தடவை போகும்போது தெரிவது சகஜம்.

கண்ணுக்கு பாவா சிப்பியின் நீலப்பச்சை ஓடு பதித்திருக்கலாம். இல்லையென்றால் பதித்து விழுந்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் சிவப்பு தெரிந்தால் கோக்கோவாய் என்ற செம்மண் பூச்சாக இருக்கலாம், எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். இடுக்குகளில்தான் அது மிஞ்சியிருக்கும்.

அடுத்தது நாக்கு. சில தத்தாக்களில் பின்சுவரில் ஒரு முகம், அதன் திறந்த வாயிலிருந்தே கைப்பிடி கிளம்புகிறது. இறைப்பவர் பிடிப்பது அந்த முகத்தின் நாக்கை. மாவோரிச் செதுக்கலில் நீட்டிய நாக்கு எதிரியை அழைக்கும் வீறாப்பு. போர்ப்படகின் முகப்பிலும் அதைக் காணலாம், ஹாக்கா நடனம் ஆடும் ஆண்களின் முகத்திலும் காணலாம். படகின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் குனிந்து தண்ணீர் இறைக்கும் ஆளின் கையிலும் அந்த நாக்கு இருக்கிறது. இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிடுவேன்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இரண்டு இடங்கள்: மனாயாவைப் பார்த்ததும் யாளி என்பார்கள், நாக்கைப் பார்த்ததும் காளி என்பார்கள். கண்ணுக்குப் பழகிய உருவம் முன்னால் வந்து நிற்பது இயல்புதான். ஆனால் தாராசுரத்துத் தூணுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நோட்டில் யாளி என்று எழுதிய கணமே அலகையும், விரலையும், கழுத்து வளைவையும் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

இன்னொன்று, செதுக்கிய உருவத்தின் விரல். மூன்று விரல்களைக் கண்டதும் பிறப்பு, வாழ்வு, இறப்பு என்று விளக்கம் சொல்ல யாராவது பக்கத்திலேயே இருப்பார்கள். இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விளக்கம் கிடையாது. 'மூன்று விரல்' என்று மட்டும் எழுதுங்கள்.

10. இப்போது அர்த்தம் கேட்கலாம், யாருடையது என்பதிலிருந்து

பொருள் சொல்லும் உரிமை இவியிடம், அதாவது அந்தந்தக் குலத்தாரிடம் இருக்கிறது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். 'இந்த முகத்துக்கு என்ன அர்த்தம்?' என்பதை விட்டுவிட்டு, 'இது எந்த இவியினுடையது, எங்கே கிடைத்தது, எப்படி இங்கே வந்தது?' என்று கேளுங்கள். பெட்டியின் குறிப்பிலோ இணையப் பதிவிலோ பதில் இருந்தால், அந்த வட்டாரத்தின் மற்ற மரவேலைகளைத் தேடி ஒப்பிடுங்கள். அப்போதுதான் முகம் பேசும்.

ஒரு பொதுவான விஷயத்தை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்: செதுக்கிய முகம் பெரும்பாலும் ஒரு முன்னோரைச் சுட்டும். எந்த முன்னோர் என்பதை அந்த இவிதான் சொல்ல முடியும்.

இறைக்கும் கருவியைச் சில்லறைச் சாமானாக நினைக்கவில்லை என்பதற்குப் பழைய மரபுக்கதைகளே சாட்சி. தூரி என்ற தலைவர் வந்த ஆவோத்தேயா என்ற படகின் கதையில் துடுப்புகளுக்குப் பெயர் இருக்கிறது, இறைக்கும் கருவிகளுக்கும் பெயர் இருக்கிறது. திப்புவாஹோரோநுக்கு ஒன்று, ரங்கிகாஃபெரிக்கோ இன்னொன்று. படகைப் பாடும்போது அதிலிருந்த கருவியும் பெயரோடு சேர்ந்து வருகிறது.

பதில் கிடைக்கவில்லையென்றால் 'இவி:' என்று எழுதி வெற்றிடம் விடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைமாறிக் கைமாறி வந்த பொருட்கள் பலவற்றில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஊகத்தை அங்கே எழுதினால், ஆறு மாதம் கழித்து உங்கள் நோட்டை நீங்களே நம்பிவிடுவீர்கள்.

11. தாப்பு: நடந்துகொள்ளும் விதம்

கட்டுப்பாட்டுக்குள் வைத்த, புனிதமான நிலைக்கு மாவோரியில் tapu என்று ஒரு சொல் உண்டு. அதன் குறிலைக் கறாராகக் காட்டி எழுதப்போனால் நம் மொழியில் 'தப்பு' ஆகிவிடும், அதனால் தாப்பு என்றே எழுதிவருகிறேன். அதற்கு எதிர்நிலை நோவா, கட்டில்லாத சாதாரண நிலை. போர்ப்படகு தாப்பு. சமைத்த உணவு நோவா. இரண்டையும் கலக்கக் கூடாது.

நடைமுறையில் இது சின்னச் சின்ன விஷயங்கள்தான். பொருளுக்கு அருகில் எதையும் தின்னாதீர்கள், பையிலிருக்கும் முறுக்குப் பொட்டலம் அங்கேயே இருக்கட்டும். தொட அனுமதித்தால் நகையைக் கழற்றி, கொடுக்கும் கையுறையைப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்துங்கள். கைப்பிடி இருக்கிறதே என்று அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பழைய மரம், முறிவது அங்கேதான். சேமிப்பறைக்குக் கூட்டிப்போனால் நுழையும் முன் ஒரு கரக்கியா, அதாவது வேண்டுதல், சொல்லலாம். அமைதியாக நில்லுங்கள். வெளியே வரும்போது சில இடங்களில் தண்ணீர் வைத்திருப்பார்கள். கையில் தெளித்துக்கொண்டு வாருங்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் கால் கழுவுகிற வழக்கம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

12. கடையில் ஒன்றைக் கண்டால்

பழைய தத்தா என்று யாராவது விற்க வந்தால் விலகி நில்லுங்கள். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட மாவோரிப் பண்பாட்டுப் பொருட்கள் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகின்றன. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது, நிலத்திலோ நீரிலோ புதிதாகக் கிடைத்ததென்றால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பெட்டியில் போட்டு விமானம் ஏறுவது நடக்காது.

புதிதாகச் செய்ததை வாங்கலாம். இங்கேதான் ஐந்தாம் படியில் போட்ட கேள்விக்குறி பயன்படும். கைப்பிடிக்கு அடியில் விரல் நுழையாது, விளிம்பு தடிமன், குழிக்குள் முழுக்கச் செதுக்கல் என்றால் அது சுவரில் மாட்டுவதற்கென்றே செய்தது. அதில் குற்றமில்லை, அந்த விலைக்கு வாங்குங்கள். நல்ல வேலையென்றால் செதுக்கியவரின் பெயர், அவருடைய இவி, என்ன மரம் என்று மூன்றையும் கேளுங்கள். விற்பவருக்கு மூன்றும் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள். செதுக்கியவரே எதிரே இருந்தால் முகத்தைப் பற்றியும் கேட்கலாம். சிலர் சொல்வார்கள், சிலர் சிரித்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

வாங்கி வந்தபின் விருந்தாளி வந்தால் அதில் முந்திரியும் மிக்சரும் கொட்டி நீட்டாதீர்கள். வடிவம் தட்டுப் போலத்தான் இருக்கும். அதற்குத் தட்டு இருக்கிறது.